நீக்கிய பிறகும் தெரிந்த புரதம்: ஈ-கேடரின் ஆன்டிபாடி ஒன்றைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

எபிதீலியல் செல்கள் பிரியாமல் ஒட்டி நிற்பதற்கு முதன்மையான புரதம் ஈ-கேடரின். செல்லுக்கு வெளியே ஐந்து மடிப்புகளாக நீண்டு பக்கத்துச் செல்லின் ஈ-கேடரினைப் பிடித்துக்கொள்ளும். செல்லுக்கு உள்ளே இருக்கும் வால்பகுதி பீட்டா-கேட்டனின், பி120-கேட்டனின் ஆகிய புரதங்களோடு இணையும். இதை உருவாக்கும் சிடிஹெச்1 மரபணு 16ஆம் குரோமோசோமில் இருக்கிறது. பரம்பரையாக வரும் பரவல் வகை இரைப்பைப் புற்றுக்கு இந்த மரபணுவின் பிழைகள் காரணம் என்று 1998இல் தெரியவந்தது. மார்பகத்தின் லோபுலர் வகைப் புற்றிலும் ஈ-கேடரின் பெரும்பாலும் காணாமல் போகிறது. அதனால்தான் செல் ஒட்டுதலை ஆராயும் ஆய்வகம் எதிலும் குளிர்பெட்டியில் ஈ-கேடரினைத் தேடி ஒட்டிக் காட்டிக்கொடுக்கும் ஆன்டிபாடி (எதிர்ப்புரதம்) ஒன்றாவது இருக்கும். எங்களிடமும் ஒன்று இருந்தது. ஆறேழு ஆண்டுகளாகப் பயன்படுத்திவந்தோம்; யாரும் அதைச் சந்தேகித்ததில்லை.

ஏ431 என்ற மனிதத் தோல் புற்றுச் செல்களில் ஈ-கேடரினை முழுமையாக நீக்கினால் அவை பிரிந்து நகரத் தொடங்குமா என்று பார்ப்பதே திட்டம். கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் முறையில் சிடிஹெச்1ஐ வெட்டி, ஒற்றைச் செல்லிலிருந்து குளோன்களை (அந்த ஒரே செல்லின் வழித்தோன்றல்களை) வளர்த்து, வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்துச் சவ்வுக்கு மாற்றி, தேடும் புரதத்தை ஆன்டிபாடியால் பட்டையாகக் காட்டும் சோதனை) புரதம் இல்லை என்று உறுதிசெய்த பிறகு நகர்வுச் சோதனைக்குப் போவதாக வரிசை. செய்முறை வேலை ஓர் ஆய்வு மாணவியுடையது. எந்தக் குளோனை வைத்துக்கொள்வது, எதை எறிவது என்று முடிவு சொல்லும் பொறுப்பு என்னுடையது. இங்கே சொல்லப்போகும் தவறான முடிவுகளில் பெரும்பாலானவை அந்தப் பொறுப்பில் நான் எடுத்தவை.

முதல் சுற்று

பன்னிரண்டு குளோன்கள் வளர்ந்து வந்தன. ஒரு செல் கண்ணுக்குத் தெரியும் கூட்டமாகப் பெருக மூன்று வாரம், பிளாட்டுக்குப் போதுமான அளவு சேர இன்னும் பத்து நாள். முதல் பிளாட்டில் வெட்டப்படாத மூலச் செல்களுக்கு 120 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) உயரத்தில் அடர்ந்த பட்டை வந்தது. பன்னிரண்டு குளோன்களுக்கும் அதே உயரத்தில் மெலிந்த பட்டை; மூலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. எதிர்மறைக் கட்டுப்பாடாக வைத்த எம்டிஏ-எம்பி-231 செல்களின் பாதை வெறுமையாக இருந்தது. அந்த மார்பகப் புற்றுச் செல்களில் சிடிஹெச்1இன் தொடக்கப் பகுதி மெத்திலேற்றம் என்ற வேதி மாற்றத்தால் அடைபட்டிருப்பதால் ஈ-கேடரின் உருவாவதில்லை என்பது பரவலாக அறியப்பட்டது. அந்த வெறும் பாதையைப் பார்த்து ஆன்டிபாடி சரியாக வேலை செய்கிறது என்று எழுதிவைத்தேன்.

அப்படியானால் பிழை வெட்டில்தான் இருக்கவேண்டும். ஏ431 செல்களில் குரோமோசோம் எண்ணிக்கை இயல்பைவிட அதிகம். பல மரபணுக்களுக்கு இரண்டுக்கு மேற்பட்ட படிகள் (நகல்கள்) உண்டு. ஏதோ ஒரு படி வெட்டுப்படாமல் தப்பியிருக்கும் என்ற விளக்கம் பொருத்தமாகத் தெரிந்தது. டிஎன்ஏ வரிசையைப் படித்துப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம் என்று மாணவி சொன்னாள். பிளாட்டில் புரதம் தெரிகிறபோது வரிசை படிப்பது வீண் செலவு என்று நான் மறுத்தேன். பன்னிரண்டையும் எறியச் சொன்னேன்.

இரண்டாம் சுற்று

இம்முறை வெட்டவேண்டிய இடத்தைக் காட்டும் வழிகாட்டி ஆர்என்ஏ ஒன்றுக்குப் பதில் இரண்டு, முதல் எக்ஸான்களில் (புரதக் குறிப்பு எழுதப்பட்ட மரபணுப் பகுதிகளில்) இரு வேறு இடங்களைக் குறிவைத்து. பதினாறு குளோன்கள் கிடைத்தன. பிளாட் முடிவு மாறவில்லை: அதே மெலிந்த பட்டை, அதே உயரம்.

சந்தேகத்துக்கு இடம் வைக்கக்கூடாது என்று இரண்டு குளோன்களைக் கண்ணாடித் துண்டில் வளர்த்து, அதே ஆன்டிபாடியால் ஒளிர்சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தோம். செல்லும் செல்லும் சந்திக்கும் எல்லைகளில் மட்டும் மெல்லிய கோடு, தேன்கூட்டின் அறைச்சுவர் போல. உட்கருவிலோ சைட்டோபிளாசத்திலோ அழுக்கு ஒளிர்வு எதுவும் இல்லை. ஒட்டுப் புரதம் எங்கே இருக்கவேண்டுமோ சரியாக அங்கே தெரிந்தது. அந்தப் படத்தைப் பார்த்த பிறகு ஆய்வகத் தலைவருக்கும் எனக்கும் மீதி ஐயமும் போய்விட்டது. ஈ-கேடரின் குறைந்திருக்கிறது, நீங்கவில்லை என்று தீர்மானித்தோம். மூன்றாம் சுற்றுக்கு வேறு வழிகாட்டிகள் தேர்வு செய்யத் தொடங்கினேன். அதற்குள் நான்கு மாதம் கடந்திருந்தது.

ஒரே அளவில் நின்ற பட்டை

மூன்றாம் சுற்றுக்கு முன் இரண்டாம் சுற்றின் பதினாறு மாதிரிகளையும் ஒரே சவ்வில் வரிசையாக ஓட்டிப் பார்க்கலாம் என்றாள் மாணவி. செய்தாள். எல்லா மாதிரிகளிலும் ஒப்பீட்டுக்காகப் பார்க்கும் டியூபுலின் புரதத்தின் அளவைக் கொண்டு சரிசெய்து, பட்டைகளின் அடர்த்தியை எண்ணாக்கி, தாளில் எழுதி என் மேசையில் வைத்தாள்.

“அக்கா, எண்ணைப் பாருங்க. பதினாறும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கு. வெட்டு அரைகுறைன்னா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருக்கணுமே?”

இந்த நிகழ்வில் நான் மிக மதிக்கும் கவனிப்பு அது. பதினாறும் தனித்தனிச் செல்லிலிருந்து வந்தவை. ஒன்றில் ஒரு படி தப்பியிருக்கும், இன்னொன்றில் இரண்டு. ஒன்றிரண்டிலாவது எதுவும் மிஞ்சாமல் போயிருக்கவேண்டும். அரைகுறை வெட்டு என்றால் பட்டைகள் ஏறி இறங்கித்தான் வரும். எல்லாவற்றிலும் ஒரே அளவு மிச்சம் இருந்தால், அந்த மிச்சத்துக்கும் நாங்கள் வெட்டிய மரபணுவுக்கும் தொடர்பே இல்லாமல் இருக்கலாம்.

அவள் இன்னொன்றையும் காட்டினாள். 6 விழுக்காடு ஜெல்லில் அதிக நேரம் ஓட்டிய சவ்வில், குளோன்களின் பட்டை மூலச் செல்களின் பட்டைக்கு மயிரிழை கீழே நின்றது. படத்தின் மேல் அளவுகோலை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். வழக்கமான ஜெல்லில் இரண்டும் ஒன்றாகவே விழும்.

அன்றே ஐந்து குளோன்களின் டிஎன்ஏவை வரிசை படிக்க அனுப்பினேன். வெட்டுமிடத்தைப் பிசிஆரில் பெருக்கி, ஒவ்வொரு படியும் தனியாகத் தெரியும்படி ஆழமாகப் படிக்கச் சொன்னோம். நான்கு குளோன்களில் வெட்டுப்படாத படி ஒன்றுகூட இல்லை. இருந்த எல்லா மாற்றங்களும் படிப்புச் சட்டத்தை, அதாவது எழுத்துகளை மூன்று மூன்றாகப் படிக்கும் ஒழுங்கை, குலைப்பவை. ஐந்தாவதில் ஒரு படியில் மூன்று எழுத்துகள் மட்டும் விடுபட்டிருந்தன. அதில் புரதம் உருவாக வாய்ப்பு உண்டு. ஆக, நான்கு குளோன்களில் மரபணு போய்விட்டது, புரதம் மட்டும் தெரிகிறது.

மூன்று விளக்கங்கள்

முதலாவது, வெட்டுக்குப் பின்னால் வேறொரு இடத்திலிருந்து மொழிபெயர்ப்பு தொடங்கி, முன்பகுதி இல்லாத ஈ-கேடரின் உருவாகலாம். நாக்அவுட் (மரபணுவை முழுமையாகச் செயலிழக்கச் செய்தல்) செய்பவர்கள் சந்திக்கும் உண்மையான பிரச்சினை இது; எளிதில் ஒதுக்கிவிட முடியாது. இரண்டாவது, குளோன்களில் மூலச் செல்கள் கலந்திருக்கலாம். வரிசையில் மாறாத படி ஒன்றும் இல்லாததால் இதை விட்டுவிட்டோம். மூன்றாவது, ஆன்டிபாடி வேறொன்றைப் பார்க்கலாம்.

அப்போதுதான் அந்த ஆன்டிபாடியின் விவரத் தாளை முழுமையாகப் படித்தேன். ஆறேழு ஆண்டுகளில் நாங்கள் அதில் பார்த்தது நீர்க்கும் விகிதத்தை மட்டும்தான். இது ஈ-கேடரினின் உள்வாலைக் கொண்டு உருவாக்கிய மோனோகுளோனல் (ஒரே இடத்தைப் பிடிக்கும் ஒரே வகை ஆன்டிபாடி). பி-கேடரினையும் அடையாளம் காணக்கூடும் என்று இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. தயாரித்தவர்கள் மறைக்கவில்லை, நாங்கள்தான் படிக்கவில்லை.

அந்த வரியின் பொருளைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். ஈ, பி, என் என்று பெயர் பெற்ற கேடரின்கள் ஒரே குடும்பம். எபிதீலியத்தில் கண்டது ஈ, நஞ்சுக்கொடியில் முதலில் கண்டது பி, நரம்புத் திசுவில் கண்டது என். வெளிப்பகுதிகளில் வேறுபாடு அதிகம். உள்வால் எல்லாவற்றிலும் கேட்டனின்களைப் பிடிக்கும் வேலையைச் செய்வதால் பரிணாமத்தில் அதிகம் மாறவில்லை. ஆகவே வாலைக் காட்டி உருவாக்கிய ஆன்டிபாடி உறவுப் புரதத்தையும் பிடிப்பதில் வியப்பில்லை. ஈ-யும் பி-யும் எடையில் ஏறக்குறைய சமம். இரண்டும் செல்லின் எல்லையில்தான் நிற்கும். சிடிஹெச்1க்கு அடுத்த வீடு போல அதே குரோமோசோமில் இருப்பது பி-கேடரினின் சிடிஹெச்3 மரபணு. ஏ431 செல்கள் இரண்டையும் உருவாக்குகின்றன.

எங்கள் எதிர்மறைக் கட்டுப்பாடு எங்களை ஏமாற்றிய விதமும் இதனால் விளங்கியது. எம்டிஏ-எம்பி-231 செல்களில் ஈ-கேடரின் இல்லை. எங்கள் பிளாட்டில் தெரியும் அளவுக்குப் பி-கேடரினும் இல்லை. அந்தப் பாதை ஆன்டிபாடி சவ்வின் மேல் கண்டபடி ஒட்டவில்லை என்பதை மட்டுமே காட்டியது. உறவுப் புரதத்தைப் பிடிக்குமா என்ற கேள்வியை அந்தச் செல்களிடம் கேட்கவே முடியாது.

இடையில் வந்த தடங்கல்: டிரிப்சின்

ஈ-கேடரினின் வெளிப்பகுதியைப் பிடிக்கும் ஹெச்இசிடி-1 என்ற மோனோகுளோனலை வாங்கினோம். பிளாட்டுக்கு முன் உயிருள்ள செல்களிலேயே பார்த்துவிடலாம் என்று ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு (செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு அவற்றின் ஒளிர்வை அளக்கும் முறை) தயார் செய்தோம். வழக்கம்போல டிரிப்சின் என்ற புரதம் வெட்டும் நொதியும் இடிடிஏ என்ற வேதிப்பொருளும் கலந்த டிரிப்சின்-இடிடிஏ கொண்டு தட்டிலிருந்து செல்களைப் பிரித்தெடுத்து, சாயம் ஏற்றி ஓட்டினால், குளோன்கள் வெறுமை. மூலச் செல்களும் ஏறக்குறைய வெறுமை.

ஒரு நாள் முழுவதும் புதிய ஆன்டிபாடி கெட்டுப்போய் வந்திருக்கிறது என்றே நினைத்திருந்தோம். பழையதில் எல்லாமே தெரிகிறது, புதியதில் எதுவுமே தெரியவில்லை. அந்த நிலையில் பழையதையே நம்பித் திரும்பிப்போயிருக்கக்கூடும். அந்த எண்ணம் எனக்கு வரவே செய்தது.

காரணம் கேடரின் ஆய்வின் தொடக்கத்திலேயே இருக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர் மசாதோஷி தாகெய்ச்சி 1970களில் செல்களை டிரிப்சினால் பிரித்துப் பார்த்தபோது, கால்சியம் இருந்தால் செல்கள் மீண்டும் ஒட்டும் திறனை வைத்துக்கொண்டன. கால்சியத்தை நீக்கிவிட்டு டிரிப்சின் கொடுத்தால் அந்தத் திறனை இழந்தன. கால்சியம் காத்துக்கொண்டிருந்த அந்த மேற்பரப்புப் புரதங்களுக்கு 1984இல் கேடரின் என்ற பெயர் வந்தது. ஐந்து வெளிமடிப்புகளுக்கு இடையே நான்கு இணைப்புகள். இணைப்புக்கு மூன்று என்று கால்சியம் அயனிகள் உட்கார்ந்து முழுத் தண்டையும் விறைப்பாக வைத்திருக்கின்றன. இடிடிஏ அந்தக் கால்சியத்தைப் பறிக்கிறது. தளர்ந்துபோன தண்டை டிரிப்சின் வெட்டித் தின்கிறது. எங்கள் புட்டியில் இரண்டும் கலந்தே இருந்தன. ஹெச்இசிடி-1 பிடிக்கவேண்டிய பகுதியைச் சாயம் ஏற்றுவதற்கு முன்பே நாங்கள் சவரம் செய்து எடுத்திருக்கிறோம்.

கால்சியம் சேர்த்து டிரிப்சின் மட்டும் கொடுத்தால் புரதம் பிழைக்கும்; ஆனால் செல்கள் ஒட்டியபடியே தோல் தோலாக உரிந்து வரும், ஃப்ளோ கருவிக்கு உதவாது. கடைசியில் டிரிப்சினை விட்டுவிட்டு இடிடிஏ மட்டும் கொண்டு மெதுவாகப் பிரித்து, உடனே கால்சியம் உள்ள குளிர்ந்த கரைசலில் கழுவிச் சாயம் ஏற்றினோம். மூலச் செல்கள் பளிச்சென்று தெரிந்தன. நான்கு குளோன்களும் கட்டுப்பாட்டு ஐசோடைப்பின் (ஈ-கேடரினைக் குறிவைக்காத ஒப்பீட்டு ஆன்டிபாடி) அளவிலேயே நின்றன. பிளாட்டிலும் ஹெச்இசிடி-1 அதையே சொன்னது: மூலத்தில் பட்டை, குளோன்களில் ஒன்றும் இல்லை.

பி-கேடரினை அடக்கியபோது

இத்தோடு நிறுத்தியிருக்கலாம், பலர் நிறுத்துவார்கள். ஆனால் முதல் விளக்கம் இன்னும் சாகவில்லை. முன்பகுதி இழந்த ஈ-கேடரின் ஒன்று உருவாகியிருந்தால், வெளிப்பகுதியைப் பிடிக்கும் ஹெச்இசிடி-1க்கு அது தெரியாது, வாலைப் பிடிக்கும் பழைய ஆன்டிபாடிக்குத் தெரியும். நாங்கள் கண்டதும் அதையேதான். இரண்டு ஆன்டிபாடிகள் வெவ்வேறு பதில் சொன்னால், எது சரி என்பதை மூன்றாவது ஆன்டிபாடியால் தீர்ப்பதைவிட மரபணுவால் தீர்ப்பது நல்லது.

சிடிஹெச்3ஐக் குறிவைத்து அதன் புரதம் உருவாவதை அடக்கும் எஸ்ஐ-ஆர்என்ஏ என்ற சிறு ஆர்என்ஏக்கள் வெவ்வேறாக இரண்டைக் குளோன்களுக்கும் மூலச் செல்களுக்கும் கொடுத்து 72 மணி நேரம் கழித்து எடுத்தோம். பழைய ஆன்டிபாடியிலேயே பிளாட். குளோன்களில் நான்கு மாதமாக எங்களைத் துரத்திய பட்டை இரண்டு எஸ்ஐ-ஆர்என்ஏவிலும் மறைந்தது. குறியில்லாத கட்டுப்பாட்டு ஆர்என்ஏவில் அப்படியே இருந்தது. மூலச் செல்களில் பட்டை சற்று மெலிந்தது, போகவில்லை. மறுதிசையிலும் ஒருமுறை பார்த்தோம்: சொந்தக் கேடரின் இல்லாத எலியின் எல் செல்களில் மனிதப் பி-கேடரினை மட்டும் உருவாக்கவைத்தால் பழைய ஆன்டிபாடி அதைப் பிடித்தது, ஹெச்இசிடி-1 பிடிக்கவில்லை.

எங்கள் கையிலிருந்தவை முழுமையான ஈ-கேடரின் நாக்அவுட்கள்தான்.

பின்விளைவுகள்

எறியச் சொன்ன முதல் சுற்றுக் குளோன்களில் மூன்றை மட்டும் மாணவி பிளாட்டுக்கு முன்பே உறைய வைத்திருந்தாள். வார இறுதி வந்ததால் முன்னெச்சரிக்கையாகச் செய்தது. அவற்றை எடுத்து வரிசை படித்தபோது இரண்டு முழு நாக்அவுட்கள். ஆறாவது வாரத்திலேயே எங்களிடம் இருந்தவை அவை. அவள் சொன்னபடி அன்றைக்கே வரிசை படித்திருந்தால் இரண்டாம் சுற்றே தேவைப்பட்டிருக்காது. இதை அவளிடமும் ஆய்வகக் கூட்டத்திலும் சொன்னேன்.

நகர்வுச் சோதனையில் எதிர்பார்த்தது நடக்கவில்லை. ஈ-கேடரின் இல்லாத ஏ431 செல்கள் கொஞ்சம் தளர்ந்தன, பிரிந்து ஓடவில்லை. எல்லையில் பீட்டா-கேட்டனின் கோடு அப்படியே இருந்தது. பி-கேடரின் பிடித்து நிறுத்தியிருக்கிறது. பிறகு சிடிஹெச்3ஐயும் சேர்த்து நீக்கியபோதுதான் கூட்டம் கலைந்து, பீட்டா-கேட்டனின் எல்லையை விட்டுப் போனது. நாங்கள் குறையென்று நினைத்து எறிந்த பட்டைதான் எங்கள் கேள்விக்கு விடையாக இருந்தது.

இன்னொரு விளைவு எங்களை அதிகம் கவலைப்படவைத்தது. முன்னர் ஒரு மருந்து ஏ431 செல்களில் ஈ-கேடரினைக் குறைக்கிறது என்று இதே ஆன்டிபாடியால் அளந்து வரைபடம் தயாரித்திருந்தோம். வெளியிடத் தயாராக இருந்தது. ஹெச்இசிடி-1 கொண்டு மீண்டும் அளந்தபோது குறைவு இன்னும் பெரியது. மருந்துக்கு அசையாத பி-கேடரின் ஒவ்வொரு பட்டைக்குள்ளும் கலந்து நின்று வேறுபாட்டைச் சுருக்கிக் காட்டியிருந்தது. வரைபடத்தை மாற்றினோம். திசை மாறவில்லை என்பது எங்கள் நல்ல காலம்.

மறுபடி செய்தால் மாற்றவேண்டியவை

எல்லாவற்றுக்கும் முதலாவது, குளோனைத் தீர்மானிப்பது டிஎன்ஏ வரிசை. ஆன்டிபாடி இரண்டாவது சாட்சி. நாங்கள் ஆன்டிபாடியைக் கொண்டு நாக்அவுட்டைச் சோதித்தோம். அந்த ஆன்டிபாடியைச் சோதிக்கத் தேவையானதும் அதே நாக்அவுட்தான். ஆன்டிபாடியைச் சாராமல் வெட்டை உறுதிசெய்யாத வரை இந்த வட்டத்திலிருந்து வெளியே வர வழியில்லை. ஆன்டிபாடி சரிபார்ப்புக்காகப் பன்னாட்டுக் குழு ஒன்று 2016இல் பரிந்துரைத்த ஐந்து வழிகளில் மரபணுவை நீக்கிப் பார்ப்பதும், ஒன்றையொன்று சாராத ஆன்டிபாடிகளை ஒப்பிடுவதும் அடங்கும். எங்களுக்கு இரண்டுமே தேவைப்பட்டன. 2023இல் வெளிவந்த பெரிய ஒப்பீடு ஒன்றில் 65 புரதங்களுக்கான 614 வணிக ஆன்டிபாடிகளை நாக்அவுட் செல்களோடு வைத்துப் பார்த்தபோது, பாதிக்கு மேற்பட்டவை ஏதாவது ஒரு பயன்பாட்டில் தோற்றன. எங்களுடையது அரிதான விபத்து அல்ல.

அடுத்து, எதிர்மறைக் கட்டுப்பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது இலக்குப் புரதம் இல்லாதது மட்டும் போதாது. அதன் நெருங்கிய உறவுகள் இருக்கும் செல் ஒன்றும் வேண்டும். கேடரின் என்றால் பி, என் இரண்டும்.

எடை பொருந்துவதையும் இடம் பொருந்துவதையும் இரண்டு தனிச் சான்றுகளாக இனி எண்ணமாட்டேன். ஒரே குடும்பத்துப் புரதங்களுக்கு இவ்விரண்டும் சேர்ந்தேதான் பொருந்தும். அந்தத் தேன்கூட்டுப் படம் எனக்குக் கொடுத்த நிம்மதி தவறானது.

ஃப்ளோ சோதனைக்குச் செல்களைப் பிரிக்கும் முறையை ஆன்டிபாடி பிடிக்கும் இடத்தைப் பார்த்துத் தீர்மானிக்கவேண்டும். கேடரினின் வெளிப்பகுதி என்றால் டிரிப்சின்-இடிடிஏ கலவை கூடவே கூடாது.

ஆய்வகத்தில் ஆன்டிபாடிப் பதிவேட்டை மாற்றியிருக்கிறோம். பெயரும் நீர்க்கும் விகிதமும் மட்டும் இருந்த இடத்தில் குளோன் பெயர், தொகுதி எண், புரதத்தின் எந்தப் பகுதியைப் பிடிக்கும், எந்த உறவுப் புரதத்தைப் பிடிக்கும், எந்தச் செல்லில் யார் எப்போது சோதித்தது என்ற பத்திகள் இப்போது இருக்கின்றன. நிரப்பாத வரியில் உள்ள குப்பியை யாரும் எடுக்கக்கூடாது.

பழைய ஆன்டிபாடியை எறியவில்லை. எங்கள் பிளாட்டில் பி-கேடரின் தெரியாத எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுச் செல்களுக்கும், இரண்டு கேடரின்களையும் சேர்த்துப் பார்க்கவேண்டிய சோதனைகளுக்கும் அதையே எடுக்கிறோம். குப்பியின் மூடியில் மாணவியின் கையெழுத்தில் புதிய சீட்டு ஒட்டியிருக்கிறது: ‘ஈ + பி, வால்’.